நூற்றுக்கு நூறு வாங்கிய ஊர்

உங்கள் தெரு இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். காலையில் அதில் நடந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். வரைபடத்தில் இருக்கிறதா என்று கேட்கிறேன். முன்பெல்லாம் இது வேலையற்றவன் கேட்கிற கேள்வி. இப்போது அப்படி இல்லை. பிரியாணிப் பொட்டலம் கொண்டுவருகிற பையன் முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை, கைபேசியில் ஒரு கண், ரோட்டில் ஒரு கண் என்றுதான் வருகிறார்கள். அதில் இல்லாத தெருவில் குடியிருக்கிறவர், "பச்சை கேட்டுக்கு எதிர்ல வாங்க... ஐயோ, தாண்டிப் போயிட்டீங்க, திரும்பி வாங்க" என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிரியாணி ஆறிப்போனால் சூடு பண்ணிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் விஷயம் அப்படி இல்லை.

இந்த யோசனை எனக்கு வந்த இடம் கொடைக்கானல். அங்கே போனால் எல்லோருக்கும் கவிதை வரும். எனக்குக் கணக்கு வந்தது. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடு மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஏரியைச் சுற்றி சைக்கிள், வேகவைத்த சோளம், வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் எல்லாம் முதல் நாளே தீர்ந்துவிட்டன. மீதி இரண்டு நாளும் மலையைப் பார்ப்பதும், கைபேசி வரைபடத்தைப் பார்ப்பதும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுமாகப் போயிற்று. நண்பர்கள் என்னைத் தனியே விட்டுவிட்டார்கள். அங்கே என்ன கண்டேன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பூர்வ கதை.

*

2004-ல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் ஒரு காரியம் ஆரம்பித்தார். பிரிட்டனில் ஆர்டனன்ஸ் சர்வே என்று ஓர் அரசாங்க ஸ்தாபனம். 1791-ல் இருந்து நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரைபடத்தை எடுத்து நாம் ஏதாவது செய்யலாம் என்றால் காசு, லைசென்ஸ், நிபந்தனை. சரி, நாமே வரைந்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருந்தால் போதும். தெருத் தெருவாகச் சுற்றி, போன தடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கோடு போட்டு, பெயர் எழுத வேண்டியது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக உபயோகிக்கலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று பெயர்.

ஊர் கூடித் தேர் இழுக்கிற சமாசாரம்தான். இழுக்கிறவர்கள் தொண்டர்கள். (தொண்டர்கள் என்றதும் கொடி, கட் அவுட், பிரியாணி ஞாபகம் வேண்டாம். இவர்கள் வேறு ஜாதி.) சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது, இன்க்ரிமென்ட் கிடையாது. ஆனாலும் ஆள் சேர்ந்தது. இன்றைக்கு விக்கிபீடியாவில் நீங்கள் பார்க்கிற மேப் அதுதான். ஆப்பிள், மெட்டா, அமேசான் போன்ற பெரிய கைகளும் அதை எடுத்து உபயோகிக்கின்றன.

ஆரம்பத்தில் நிபுணர்கள் மூக்கைச் சுளித்தார்கள். சம்பளம் வாங்காதவன் போட்ட மேப்பை நம்பி எவன் வண்டி ஓட்டுவான்? எத்தனை தெரு விட்டுப்போயிருக்கும்?

நியாயமான கேள்வி. ஆனால் விட்டுப்போனதை எப்படி எண்ணுவது? ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களை எண்ணிவிடலாம். வராதவர்களை எப்படி எண்ணுவீர்கள்?

*

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, பத்திரிகை கொடுத்தவர்களின் லிஸ்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு டிக் அடிப்பது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் முகி ஹாக்லே என்ற ஆராய்ச்சியாளர் 2008-ல் இதைத்தான் செய்தார். இங்கிலாந்து முழுவதையும் செஸ் போர்டு மாதிரி ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஆர்டனன்ஸ் சர்வே காட்டும் ரோடுகளின் மொத்த நீளம் எவ்வளவு, தொண்டர்கள் போட்ட ரோடுகளின் மொத்த நீளம் எவ்வளவு என்று கூட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

போட்டிருந்த கோடுகள் ஆச்சரியமான துல்லியம். சராசரியாக 6 மீட்டர்தான் வித்தியாசம். நாலு வருஷ உழைப்பில் இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 29 சதவிகிதம் பிடிபட்டிருந்தது. சம்பளமில்லாத வேலைக்கு இது பாஸ் மார்க்குக்கு மேலே. ஆனால் ஹாக்லே இன்னொன்றும் கவனித்தார். வசதியான பேட்டைகள் நன்றாக நிரம்பியிருந்தன. ஏழைகள் வசிக்கிற பேட்டைகள் பின்தங்கியிருந்தன. இதை ஒரு முடிச்சாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவிழ்ப்போம்.

இந்த முதல் வழி நம் நாட்டுக்குச் சரிப்படுமா? நம்முடைய சர்வே ஆஃப் இந்தியா 1767-ல் பிறந்தது, ஆர்டனன்ஸ் சர்வேக்கே அண்ணன். ஆனால் லிஸ்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்ட கல்யாண வீடு நம்முடையது. விவரமான வரைபடங்கள் வெகு காலம் ராணுவ ரகசியம் மாதிரி இருந்தன. 2005-ல் ஒரு கொள்கை வந்து கொஞ்சம் கதவைத் திறந்தது. 2021 பிப்ரவரியில்தான் பெரிய தளர்வு. 2022-ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்து ரோடு விவரங்களைப் பொதுவில் வைத்தார்கள். தவிர, லிஸ்ட்டில் இல்லாமலே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டே! அரசாங்க மேப்பில் இல்லாத தெரு, தொண்டர் மேப்பில் இருந்தால் யாருக்கு மார்க் குறைப்பது?

இரண்டாவது வழி, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். உலக மேப்பில் அங்கங்கே குலுக்கல் முறையில் புள்ளி வைக்க வேண்டியது. அந்த இடத்தின் சாட்டிலைட் படத்தை மேலிருந்து பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற ரோடுகளில் எது எது மேப்பில் இல்லை என்று எண்ண வேண்டியது. அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்க வேண்டியது.

மூன்றாவது வழி இன்னும் தமாஷ். பந்தியைப் பார்த்து மதிப்பிடுவது. முதலில் ஒன்றிரண்டு பேர் தயங்கித் தயங்கி உட்கார்வார்கள். பிறகு முண்டியடித்துக் கூட்டம். அப்புறம் மெல்லக் குறையும். கடைசியில் இலை போட்டால் உட்கார ஆளிருக்காது. மேப்பும் அப்படித்தான். வருஷா வருஷம் புதிதாகச் சேர்கிற ரோடு நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய் மொத்தத்தை வரைந்தால் படுத்த 'எஸ்' மாதிரி ஒரு வளைவு வரும். அது மேலே போய்ச் சமமாகிவிட்டால், எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம்.

அல்லது சாம்பார் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். வரைகிற ஆள் அலுத்துப்போனாலும் வளைவு சமமாகத்தான் இருக்கும். அதனால் இந்த வழியை மட்டும் நம்புவது ஆபத்து.

*

இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் சேர்த்து, கனடாவிலிருந்து பாரிங்டன்-லீ, அமெரிக்காவிலிருந்து மில்லார்ட்-பால் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உலகத்துக்கே மார்க் போட்டு 2017-ல் வெளியிட்டார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வாங்கிய மார்க் சுமார் 83 சதவிகிதம். 40 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் ரோடுகள் முழுதாகவே வந்துவிட்டன. இன்னொரு கூத்து: உலக வங்கி உபயோகித்துவந்த புள்ளிவிவரங்களில் 30 சதவிகிதத்துக்கும் மேல் ரோடுகள் குறைவாகக் காட்டப்பட்டிருந்தன. மூக்கைச் சுளித்தவர்கள் மூக்கைத் தடவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

83 நல்ல மார்க்தான். என் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை. ஆனால் பரீட்சைக்கும் மேப்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பரீட்சையில் போன 17 மார்க் உங்களுடையது. மேப்பில் போன 17 யாருடையது?

அதற்கும் அந்த இருவரே பதில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல நிர்வாகமும் நல்ல இன்டர்நெட் வசதியும் உள்ள நாடுகள் முந்திக்கொண்டன. நாட்டுக்குள்ளே பார்த்தால் ஜன நெருக்கடி மிகுந்த பெரிய நகரங்கள் நன்றாக வந்திருந்தன. ஜனமே இல்லாத வெற்றுப் பிரதேசங்களும் நன்றாக வந்திருந்தன. பாலைவனத்தில் ஒரே ஒரு ஹைவே, அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. விட்டுப்போனது நடுவில். கொஞ்சம் ஜனம், கொஞ்சம் வயல், கொஞ்சம் தோட்டம் என்றிருக்கிற கிராமத்துப் பக்கம். படம் வரைந்தால் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நடுவில் தொய்ந்த தூளி மாதிரி இருக்கும். தூளியின் தொய்வில்தான் நம் பாதி தேசம் இருக்கிறது.

இப்போது ஹாக்லே போட்ட முடிச்சு ஞாபகம் வருகிறதா? வெற்றிடம் குருட்டாம்போக்கில் விழுவதில்லை. மேப் போடுகிறவனுக்கு எங்கே சொந்தக்காரன் இல்லையோ அங்கே விழுகிறது. 2010 ஜனவரி 12-ல் ஹைத்தி நாட்டில் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் மண்மேடு. காப்பாற்றப் போனவர்களுக்குத் தெரு தெரியவில்லை. தொண்டர் மேப்பிலும் அந்த நகரம் பெரும்பாலும் காலி. உலகம் முழுவதும் இருந்து நூற்றுக்கணக்கான பேர் சாட்டிலைட் படங்களைப் பார்த்து ராப்பகலாக வரைந்து, சில வாரங்களில் நகரத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். மகத்தான காரியம். ஆனால் ஒரு தலைநகரம் மேப்பில் இடம் பிடிக்க நிலநடுக்கம் வர வேண்டியிருந்தது.

*

இனி கொடைக்கானல்.

கைபேசியில் மேப்பைத் திறந்தால், டூரிஸ்ட் எங்கெல்லாம் போவானோ அங்கெல்லாம் ஜொலிக்கிறது. கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை. (1991-ல் கமல் படம் வந்து பேர் வந்த இடம், 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்து மறுபடி பேர் வந்தது.) ஓட்டல், லாட்ஜ், சாக்லேட் கடை எல்லாம் இருக்கிறது. 2024 மே மாதத்தில் ஹைகோர்ட் சொல்லி இ-பாஸ் கொண்டுவந்தார்கள் இல்லையா, அவ்வளவு வண்டி மலையேறுகிறது. வருகிறவன் எல்லாம் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறான்.

அந்த லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிறவர், சோளம் வேகவைக்கிற அம்மா, ரூமுக்கு வெந்நீர் கொண்டுவருகிற பையன், இவர்களெல்லாம் எங்கே குடியிருக்கிறார்கள்? சரிவில், கீழே. ஒரு குடியிருப்புக்குள் இறங்கிப் பார்த்தேன். மேப்பில் ஒரே ஒரு ரோடு, அதற்கு அப்பால் வெறும் பச்சை. நேரில் படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து சந்து, சந்திலிருந்து இன்னொரு படிக்கட்டு என்று ஒரு ஏணிப்படி உலகமே இருக்கிறது. எண்ண ஆரம்பித்தேன், கைவிரல் போதவில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த ஒரு பாட்டி, "யாரு வீடு தேடுறீக?" என்றார். "வீடு இல்ல பாட்டி, தெரு" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறிப்போய்விட்டார்.

நகரத்தை விட்டு மேல்மலைப் பக்கம் போனால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளைகிற படிக்கட்டு வயல்கள். கீழ்மலைப் பக்கம் போனால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. காப்பி, மலை வாழை. இரண்டும் அந்தத் தூளியின் தொய்வில் இருக்கிற இடங்கள்தான். காடும் இல்லை, நகரமும் இல்லை. எங்களை ஜீப்பில் கூட்டிப்போன பெரியவரிடம் கைபேசியைக் காட்டினேன்.

"அண்ணே, மேப்புல இந்த ரோடு இங்கேயே முடிஞ்சுருச்சே?"

"மேப்புதானே முடிஞ்சுச்சு? ரோடு முடியலையே தம்பி" என்று கியரை மாற்றினார்.

ரொம்ப தூரம் போனது.

சாட்டிலைட் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். சாட்டிலைட்டுக்குக் கண் நல்ல கண்தான். ஆனால் பழனி மலையில் பாதி நாள் மேகம், மீதி நாள் பனி. இரண்டும் விலகினால் சோலைக்காடு, பைன், யூகலிப்டஸ். மேலேயிருந்து பார்த்தால் பச்சைப் போர்வை. போர்வைக்கு அடியில் யார் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள் என்று மேலேயிருந்து தெரியாது. சாட்டிலைட் படத்தைக் கம்ப்யூட்டரே படித்து ரோடு கண்டுபிடிக்கிற வித்தையும் வந்துவிட்டது. மெட்டா கம்பெனி தாய்லாந்தில் அதை உபயோகித்து நிறைய ரோடு சேர்த்தது. ஆனால் கம்ப்யூட்டருக்குக் கோடுதான் தெரியும். அது மாரியம்மன் கோயில் தெருவா, பள்ளிக்கூடத் தெருவா என்று அதற்குத் தெரியாது. பேரில்லாத கோட்டைக் கூப்பிட முடியாது.

அப்புறம், மலை ரோடு நேற்று இருந்த மாதிரி இன்று இருப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாகப் போனபோது, கொடைக்கானல் ரோடுகளில் மரம் சாய்ந்தும் மண் சரிந்தும் பாதை அடைபட்டது. முழுமை என்று நீங்கள் ஒரு தேதியில் கையெழுத்துப் போடலாம். மறுநாள் மழை பெய்தால் கையெழுத்து அழிந்துவிடும்.

*

கடைசியாக அந்த நூற்றுக்கு நூறு ஊர்.

கொடைக்கானல் சரித்திரம் யார் எழுதினாலும் 1821-ல் ஆரம்பிப்பார்கள். லெப்டினென்ட் வார்டு என்ற வெள்ளைக்கார சர்வேயர் அந்த வருஷம் பழனி மலையை அளக்க வந்தார். மலைக்குப் பாதியில் வெள்ளகவி என்று ஒரு கிராமம். அங்கே தங்கி, அங்கேயிருந்து மேலே ஏறி, நல்ல சீதோஷ்ணம், ஒழுங்கான கிராமங்கள், சுமார் 4,000 ஜனம் என்று எழுதி அனுப்பினார். அதற்கப்புறம்தான் 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டினார்கள். 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரி வெட்டினார். வத்தலக்குண்டிலிருந்து கார் ரோடு வந்தது, ஓட்டல் வந்தது, நாம் வந்தோம்.

வெள்ளகவிக்கு ரோடு வரவில்லை. கீழே கும்பக்கரையிலிருந்து ஏறினாலும் ஒற்றையடிப் பாதை, மேலே வட்டக்கானலிலிருந்து இறங்கினாலும் ஒற்றையடிப் பாதை. 20-ம் நூற்றாண்டு முடிந்து 21-ம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அதே கதை. விளைந்ததைக் குதிரை முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். பிரசவ வலி கண்டவளையும், பாம்பு கடித்தவனையும் கம்பில் துணி கட்டி டோலியில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கொடைக்கானலை முதலில் மேப்பில் ஏற்றியவர் தங்கியிருந்த ஊரின் கதி இது.

இப்போது ரோடு நீளத்தைக் கூட்டுகிற முறையில் அந்தக் காலத்து வெள்ளகவிக்கு மார்க் போடுங்கள். அரசாங்க மேப்பில் கார் ரோடு 0 கிலோமீட்டர். தொண்டர் மேப்பில் 0 கிலோமீட்டர். விட்டுப்போனது? எதுவும் இல்லை. ஆகவே முழுமை, நூற்றுக்கு நூறு! லண்டனுக்குக்கூட அவ்வளவு சுலபமாகக் கிடைக்காத மார்க்.

கணக்குத் தப்பில்லை. கேள்விதான் போதாது. 'எத்தனை சதவிகிதம்' என்று மட்டும் கேட்டால் இந்த மாதிரி பதில்தான் வரும். எங்கே விட்டுப்போயிற்று, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் எதன் மேல் நடக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். கார் ரோட்டுக்கு ஒரு கோடு என்றால் ஒற்றையடிப் பாதைக்கும் ஒரு கோடு, படிக்கட்டுக்கும் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். டோலி போகிற வழியையும் வரையலாம். ரோடு கேட்டு மனு கொடுக்கிற ஊர்க்காரர், "இதோ பாருங்கள் ஸார், இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்" என்று அதை ஆபீசர் மேஜையில் விரித்துக் காட்டலாம். மேப் ரோடு போட்டுக்கொடுக்காது. ரோடு இல்லை என்பதற்கு சாட்சி சொல்லும்.

மலைக்குப் போக லீவு கிடைக்காதவர்கள் உள்ளூரிலேயே ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டம் ஒன்று மனசில் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடலாம். மேப்பில் உள்ள தெருவுக்கு ஒரு டிக், இல்லாததற்கு ஒரு பெருக்கல் குறி. பேர் தெரியாவிட்டால் அங்கே திண்ணையில் இருப்பவரைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து டிக்கை மொத்தத்தால் வகுத்தால் உங்கள் பேட்டையின் சதவிகிதம். அதோடு நிறுத்திவிடாமல், பெருக்கல் குறிகள் எந்தப் பக்கம் கும்பலாக விழுந்திருக்கின்றன என்று ஒரு தரம் பாருங்கள். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றை ஆளாக என்ன கிழித்துவிட முடியும் என்கிறீர்களா? ஹாக்லேயும் சகாக்களும் 2010-ல் இன்னொரு கணக்கும் போட்டார்கள். ஒரு வட்டாரத்து மேப்பின் துல்லியம் ஏறுவதில் பெரும்பங்கு, அங்கே வந்து சேர்கிற முதல் 5 பேரால்தான். ஆறாவது ஆளிலிருந்து லாபம் குறைகிறது.

5 பேர்! நம் ஆபீஸ் வாசல் டீக்கடையில் பதினோரு மணிக்கு எப்போதும் நிற்பது எத்தனை பேர்?